பிளான் இருக்கு, ஆக்சுவல் எங்கே?

ஒரகடம் பக்கம் ஏதாவது கார் ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? லைன் ஓரமாக ஒரு போர்டு இருக்கும். ஒரு காலத்தில் 'பிளான்', பக்கத்திலேயே 'ஆக்சுவல்'. செய்வோம் என்றது இவ்வளவு, செய்தது இவ்வளவு. மழுப்ப முடியாது.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் செல்போனில் வேறொரு பட்டியல். ஐ.பி.எல். வருவதற்கு முன்பே வந்துவிடும் 'டாப் 20 ஃபேன்டஸி வீரர்கள்'. யார் எத்தனை ரன் அடிப்பார், இரட்டைப் புள்ளி தரும் கேப்டன் பதவி யாருக்கு... எல்லாம் பிளான். ஆக்சுவல் மட்டும் கிடையாது.

நாமே எழுதிப் பார்ப்போமே. 2016-ல் கோலி 973 ரன். அதை நம்பி மறுவருஷம் அவரை உச்சியில் வைத்திருந்தால்? 2017-ல் தோள் காயம், 10 ஆட்டம், 308 ரன். அபூர்வம் வருஷா வருஷம் வராது சார்! 2025-ல் 27 கோடி ரூபாய் ரிஷப் பந்த் 269. எட்டரைக் கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட நம்ம சென்னை சாய் சுதர்சன் 759, ஆரஞ்சுத் தொப்பி.

கணிப்பது தப்பில்லை. போன வருஷக் கணிப்பை மறைப்பதுதான் தப்பு. பி.காம். படித்தவன் கேட்கிறேன்: கணக்குக் காட்டாத கம்பெனியில் பணம் போடுவீர்களா? இதில் மட்டும் ஓவர்டைம் காசைப் போட்டவர்கள் உண்டு.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுவதற்குத் தடைச் சட்டம் வந்தது. இந்திய அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 போய் அப்போலோ டயர்ஸ் வந்தது. ஆமாம், ஒரகடத்தில் டயர் செய்கிறார்களே, அவர்களேதான்.

தடை பணத்துக்குத்தான், பட்டியலுக்கு இல்லை. அடுத்த முறை யாராவது நீட்டினால், போன வருஷத்துப் பட்டியலை முதலில் கேளுங்கள்.