‘பின்’ என்னும் ஒரு சொல்

மூலம் ஒன்றாக இருக்க உரைகள் பலவாக அமைவதைத் தமிழ் கற்றோர் நன்கறிவர். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் கொள்ளும் பொருளால் ஒரு பாட்டின் போக்கே மாறிவிடுவதும் உண்டு. சட்டமும் இவ்வகையில் ஒரு நூலே. அதற்கு உரை காண்போர் நீதிபதிகள். இலக்கியத்தில் உரை பிழைத்தால் சுவை கெடும். சட்டத்தில் உரை பிழைத்தால் குழந்தையின் வாழ்வு தடுமாறும். ஆதலின் சட்டத்தின் ஒரு சிறு தொடரையும், அதற்கு உச்ச நீதிமன்றம் கண்ட உரையையும் திறனாய்வு நோக்கில் காண்பது நமக்குப் புறம்பான செயல் ஆகாது.

மூலம்

இந்துக் குடும்பங்களில் மைனர் குழந்தைகளுக்குக் காப்பாளர் யார் என்பதை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு கூறுகிறது. ஆண் குழந்தைக்கும் மணமாகாத பெண்ணுக்கும் இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் அப்பிரிவு சேர்த்துச் சொல்கிறது. குழந்தையை உடன் வைத்து வளர்ப்பது வேறு. அதன் பொருட்டுக் காப்பாளராகக் கையொப்பமிடுவது வேறு. ஊட்டி உறங்கவைத்துப் பள்ளிக்கு அனுப்பும் தாய், வங்கித் தாளில் கையொப்பமிடும் இடத்தில் இரண்டாமவள் ஆகிறாள்.

‘பின்’ என்பது இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள்களைத் தொகுக்கும் தொல்காப்பியர் இச்சொல்லையும் அவற்றுள் வைத்தார். இடமாகக் கொண்டால் தாய் தந்தையின் முதுகுப்புறம் நிற்பவள். காலமாகக் கொண்டால் அவர் மறைந்த பின்னரே உரிமை பெறுபவள். ஆங்கில மூலத்திலுள்ள சொல் காலத்தைச் சுட்டுவது. அதனைத் தந்தையின் ஆயுட்காலத்திற்குப் பின் என்றே பலரும் நெடுங்காலம் பொருள் கொண்டனர்.

உரை

அந்தப் பொருளை எதிர்த்து வழக்காடியவர் ஓர் எழுத்தாளர் என்பது நமக்குத் தனி ஆர்வம் தருவது. கோயம்புத்தூரில் பிறந்து பம்பாயிலும் மணிலாவிலும் வளர்ந்த கீதா ஹரிஹரனே அவர். கடமைக்காக வீணையின் தந்திகளை அறுத்தெறிந்த ஒரு தாயை, 1992இல் வெளிவந்த தம் முதல் ஆங்கில நாவலில் படைத்தவர். 1984 டிசம்பரில் அவரும் கணவரும் தம் மைனர் மகன் பெயரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கிக் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தனர். தாயே காப்பாளராகக் கையொப்பமிடுவதென இருவரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தனர். வங்கியோ தந்தையின் கையொப்பத்தையோ, தாயே காப்பாளர் என்பதற்கு உரிய அதிகாரியின் சான்றையோ கேட்டது.

1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பின்’ என்பதற்கு ‘தந்தையின் காலத்திற்குப் பின்’ என்று மட்டும் பொருள் கொண்டால், ஆண் பெண் சமத்துவம் கூறும் அரசியலமைப்போடு அது முரணும். ஆகவே ‘தந்தை இல்லாத நிலையில்’ என்று பொருள் கொள்க என்றது நீதிமன்றம். தந்தை குழந்தையின்பால் முற்றும் அக்கறையற்றிருந்தாலும், தொலைவில் வாழ்ந்தாலும், நோயால் இயலாதிருந்தாலும், இருவரின் இசைவால் குழந்தை முழுவதும் தாயின் பொறுப்பில் இருந்தாலும் அவர் ‘இல்லாதவர்’ எனக் கொள்ளப்படுவார்.

உரையின் சிறப்பும் குறையும்

மூலத்தை அழிக்காமல் அதன் கடுமையைத் தணித்த இவ்வுரை நயமிக்கது என்பதில் ஐயமில்லை. அதனால் நன்மை பெற்ற தாய்மார் பலர். ஆயினும் உரையின் உள்ளே ஒரு முரண் தங்கிவிட்டது. தந்தை அருகிலேயே நிற்கிறார். மனைவியின் கையொப்பத்திற்கு மனமுவந்து இசைகிறார். அவரை ‘இல்லாதவர்’ என்று கொண்டால்தான் தாய் காப்பாளர் ஆகிறாள். தாய்க்கு உரிமை வழங்கத் தந்தையை மறைக்க வேண்டியிருக்கிறது. இருவரும் ஒருங்கே நிற்கும் காட்சிக்கு இத்தொடரில் இடமில்லை. குழந்தைக்கு வேண்டியதோ அந்தக் காட்சியே.

இவ்விடத்துப் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு நினைவிற்கு வருகிறது. குழந்தையைப் பெற்றுப் பேணுவது தன் பொறுப்பென்றும், அவனைப் பண்புடையவனாக்குவது தந்தையின் பொறுப்பென்றும் ஒரு தாய் அதில் கூறுகிறாள். போர்க்களத்திற்கு மகனை அனுப்பும் காலத்துப் பாட்டு அது. அதிலிருந்து இன்றைய சம உரிமையை வருவித்துவிட முடியாது. எனினும் அங்கே பேசப்படுவது கடமை. ஒருவர் மறைந்தபின் மற்றவர் என்னும் வரிசை அதில் இல்லை.

நமக்கு இதனால் வருவது

பிழைப்பின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் குடும்பங்களில், தந்தை ஓரூரிலும் தாயும் மக்களும் வேறோரூரிலும் வாழ்வது புதிதன்று. தொலைவைக் கருதிய அவ்வுரை நமக்கு அரணாகும். பெற்றோர் பிரிய நேரின் இன்னொன்றையும் நினைவில் வைத்தல் நலம். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, குழந்தையின் காப்பாளர் யார் என்ற வழக்கு, குழந்தை வழக்கமாக வாழும் ஊரின் நீதிமன்றத்திற்கே உரியது. பெற்றோரின் சொந்த ஊர் என்பதால் மட்டும் அது அங்குச் செல்லாது. எங்கு நடந்தாலும் குழந்தையின் நலனே தலையாயது என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு வரையறுக்கிறது.

உரையாசிரியர் எத்துணை அருளுடையவராயினும் மூலத்தைத் திருத்தும் உரிமை அவருக்கில்லை. அது நூலாசிரியருக்கே உரியது. இந்நூலின் ஆசிரியர் நாடாளுமன்றம். தாய்க்கும் தந்தைக்கும் சம நிலை தருக எனச் சட்ட ஆணையம் 1989இலும் 2015இலும் பரிந்துரைத்தது. அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவர் தீர்ப்பைப் படிப்பதில்லை. தொடரை மட்டுமே படிக்கிறார். ஆதலின் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்பது ‘தந்தையும் தாயும்’ என்று ஆதல் வேண்டும். ‘பின்’ நீங்கி ‘உம்’ சேரும் அச்சிறு திருத்தம், பெற்றோர் இருவரையும் குழந்தைக்கு முன் நிறுத்தும்.