சீமை என்ற முன்னொட்டு இல்லாத மரம்

தமிழ்ச் சிறுகதைகளில் எனக்கு ஒவ்வாத ஒரு வாசகம் உண்டு: 'பெயர் தெரியாத ஏதோ ஒரு மரம்'. பாத்திரத்துக்குப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எழுதுகிறவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மகிழம், மனோரஞ்சிதம், நாகலிங்கம் என்று பெயர்களை ஊதுபத்தி மாதிரி கொளுத்தி வைப்பார்கள். வாசம் வரும், மரம் வராது. இவர்களும் மரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாகலிங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நான் அதை நின்று பார்த்தது கண்டிக்குப் பக்கத்தில், பேராதனை தாவரவியல் பூங்காவில். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரும் அவர் மனைவியும் 1901இல் நட்ட மரம். கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் கொடி இறங்கி, அதில் பூ. கூடவே மனிதத் தலை அளவுக்குப் பழுப்பு நிறக் காய்கள். இது என்ன மரம் என்று பக்கத்தில் நின்ற மலையகத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "சல் மரம்னு சொல்லுவாங்க தம்பி, பன்சலையில எல்லாம் இருக்கும். நம்ம ஆளுக நாகலிங்கம்னு சொல்றது" என்றார். கூட வந்த நண்பன் போனை நீட்டினான். அது 'கூரூபிட்டா கயானென்சிஸ்' என்றது. ஆங்கிலத்தில் இதற்குப் பீரங்கிக் குண்டு மரம் என்று பெயர். சிவகாசிக்காரனுக்கு இதில் வியப்பில்லை. நிலவொளியைக் குறிக்கும் 'மாஹ்தாப்' என்ற பாரசீகச் சொல்லை மத்தாப்பு ஆக்கி, பிறகு மத்தாப்பூ என்று எழுதி அதைப் பூவாகவும் ஆக்கிக்கொண்டவர்கள் நாங்கள்.

ஒரு மரம், நான்கு பெயர். எது சரி?

லத்தீன் பெயர் ஒப்லே என்ற பிரெஞ்சுக்காரர் 1775இல் வைத்தது. மரத்தின் சொந்த ஊரான கயானாவை அது சொல்லிவிடுகிறது. தென்னமெரிக்க மரம். 'சல்' என்பது ஆள்மாறாட்டம். புத்தர் பிறந்ததோடும் பரிநிர்வாணத்தோடும் சேர்த்துச் சொல்லப்படும் சாலம் வட இந்தியக் காடுகளில் வளரும் வேறொரு மரம், குடும்பமே வேறு. ஆனால் நாகலிங்கம் என்ற பெயரைச் சரி, தப்பு என்ற கணக்கில் அடைக்க முடியாது. பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு இதழ். நடுவில் ஒரு வட்டத்தட்டில் நெருக்கமாக மகரந்தத் தாள்கள். தட்டின் ஒரு பக்கத்திலிருந்து நாக்கு மாதிரி எழுந்து, அந்த வட்டத்தின் மேலேயே படம் எடுத்துக் கவிகிறது இன்னொரு கூட்டம். தேன் கிடையாது. வண்டு இரண்டுக்கும் நடுவில் நுழைந்து, மேலே கவிந்திருக்கும் தாள்களின் மகரந்தத்தைத் தின்னும். அது முளைக்காத மகரந்தம், வெறும் சாப்பாடு. கீழ்வட்டத்தின் முளைக்கும் மகரந்தம் அந்த நேரத்தில் வண்டின் முதுகில் அப்பிக்கொள்ளும். இந்த அமைப்பைத்தான் தமிழன் லிங்கமும் குடைபிடிக்கும் நாகமும் என்று கண்டான். பௌத்தர் அதையே தூபி என்று கண்டார். இரண்டு பேரும் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அதனால் 'ஏதோ ஒரு மரம்' என்று எழுதுகிறவரைவிட எனக்கு இவர்கள் மேல்.

தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. பெயர் இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதால் மரமும் ஆதியிலிருந்தே இங்கே இருந்ததாக எழுத்தாளர் நம்பிவிடுகிறார். ராஜராஜன் காலத்துக் கோவிலில் நாகலிங்கப் பூ உதிர்ந்தால் அது வரலாற்றுப் புனைவு ஆகாது. ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கிய பின்புதான் இது இந்தப் பக்கம் வந்திருக்க முடியும்.

விருதுநகர் மாவட்டத்தில் பேருந்தில் போகும்போது சன்னலில் இதைவிட அதிகம் தெரிகிற இன்னொரு அமெரிக்க மரம் உண்டு: சீமைக் கருவேலம். 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு மட்டும் பெயரிலேயே 'சீமை' ஒட்டிவிட்டோம். கரிசல்காட்டில் எத்தனை வீட்டு அடுப்புக்கு அதுதான் விறகு, எத்தனை குடும்பத்துக்குக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு. ஆனாலும் இன்றுவரை அது அந்நியன்தான். அதே கண்டத்திலிருந்து வந்த மற்றொன்று சிவன் கோவிலுக்குள் போய்விட்டது. முள் இருப்பதும் பூ அழகாக இல்லாததும்தான் வித்தியாசம் என்று சும்மா சொல்லவில்லை. கருவேலத்துக்கு எதிராக உண்மையான சூழல் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் நம் இலக்கியத்தில் அந்த மரம் வறட்சிக்கான குறியீடாக மட்டுமே வந்து போவதற்குச் சூழலியல் காரணம் இல்லை. அதன் மஞ்சள் பூங்கதிரை வர்ணித்த ஒரு கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.

இங்கே வழக்கமாகக் கபிலரைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்கள். எனக்கு அந்தப் பகுதியில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு சில பூக்களுக்கு நிறமோ மணமோ ஒட்டியிருக்கும், பெரும்பாலானவை வெறும் பெயர். வாய்விட்டுப் படிக்க அபாரமான தாளம். ஆனால் தினைப்புனத்துப் பெண்கள் பாறையில் குவித்துவைத்த பூக்கள் அவை, குவியலில் மரம் தெரியாது. பி.எல். சாமியும் கு. சீநிவாசனும் சங்கத் தாவரங்களுக்கு லத்தீன் பெயர் கண்டுபிடிக்கத் தனித்தனியாகப் பெரும் புத்தகங்கள் எழுத வேண்டியிருந்தது இதனால்தான். பூங்காவில் மரம் நிற்கிறது, பெயரைத் தேடுகிறோம். அவர்களிடம் பெயர் இருந்தது, மரத்தைத் தேடினார்கள். கடம்பு எது என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை. அதில் ஒரு கட்சிக்காரரான செங்கடம்பு, வேடிக்கையாக, நாகலிங்கத்தின் குடும்பம்.

வேங்கை விஷயத்தில் இந்தக் குழப்பம் குறைவு. குறுந்தொகையின் 47ஆம் பாட்டில் தோழி நிலவைத் திட்டுகிறாள். வேங்கைப் பூ உதிர்ந்த பெரிய பாறை புலிக்குட்டி மாதிரி தெரியும் காட்டு வழியில், இரவில் களவாக வருகிறவனுக்கு நீ நல்லது செய்யவில்லை என்கிறாள். பூவின் மஞ்சள், அது கொட்டும் விதம், மரம் நிற்கும் இடம், எல்லாம் ஒரே பயத்துக்குள் வந்துவிடுகிறது. பட்டியல் தராத அடையாளம் இது. பாடியவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாட்டில் வரும் நிலவை வைத்து நெடுவெண்ணிலவினார் என்றே அவரைச் சொல்கிறோம்.