அமுதசுரபிக்கு ஏது கணக்கு?

எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையின் நிர்வாகக் குழுத் தேர்தலில் நான் 31 வாக்குகளில் தோற்றேன். அது 2018. அதைப் பற்றி எழுத இத்தனை ஆண்டுகள் ஆனதற்குத் தோல்வியின் வருத்தம் காரணமல்ல. அப்போது நான் எழுதி அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கையை இன்று எடுத்துப் படித்தாலும் கூச்சமாக இருக்கிறது, அதுதான் காரணம். இந்தக் கட்டுரை அந்தத் துண்டறிக்கையின் மீதான விமர்சனம். அதை எழுதவைத்த ஒரு வாசிப்பின் மீதான விமர்சனமும்கூட. மணிமேகலையை அந்த வாசிப்பின்படிதான் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவந்தேன்.

தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் துறை அறைக்கு வந்தார். “மேடம், நம்ம அணியில பெண்கள் இடம் ஒண்ணு காலியா இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். கூட்டத்துக்கெல்லாம் வந்து கஷ்டப்பட வேண்டாம், தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே அனுப்பி வச்சிடுறோம்” என்றார். அதில் அவமானப்படுத்தும் நோக்கம் எதுவும் இல்லை. ஒரு சலுகையை அறிவிக்கும் கனிவோடுதான் சொன்னார். நான் யோசித்துவிட்டு, நிற்கிறேன், ஆனால் பொது இடத்தில் தனியாக நிற்கிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. “அது ஆம்பளைங்க இடமாச்சே மேடம். உங்களுக்குத்தான் தனியா ஒதுக்கியிருக்காங்களே.”

எந்த விதியிலும் ஆண்களுக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை. 2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆவது அரசமைப்புத் திருத்தம், கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு இரண்டு இடங்களும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடமும் ஒதுக்க வேண்டும் என்றது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் கொண்டுவந்த திருத்தம் என்பதால், ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அது செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் நின்ற காலத்தில் அது நடப்பில் இருந்தது. ஒதுக்கீடு என்பது இதற்குக் கீழே குறையக் கூடாது என்று போட்ட கோடு. எங்கள் ஊரில் அதை இதற்கு மேலே போகக் கூடாது என்று படித்துக்கொண்டார்கள். ஒதுக்கிய இடங்கள் போக மீதி எல்லாம் தம்முடையவை என்பது அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத உண்மையாக இருந்தது.

துண்டறிக்கை எழுத உட்கார்ந்தபோது எனக்குள் இருந்த கவிஞர் முந்திக்கொண்டார். ‘அன்னமிடும் கை ஆளட்டும்’ என்று தலைப்பு வைத்தேன். அமுதசுரபி ஏந்திய மணிமேகலையின் மரபில் வந்தவள் பெண், பசிப்பிணி தீர்க்கும் மருத்துவச்சி அவள், அவளறியாத பசி உண்டா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள்.

தேரடி பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒன்று கொடுத்தேன். பண்டகசாலையில் அவர் அளவுக்குச் சரக்கு எடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவு. அரிசியும் உளுந்தும் மூட்டைக் கணக்கில் எடுப்பார். அடுப்பு வெளிச்சத்தில் நிதானமாகப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். இதுல உளுந்து எங்க இருக்கு?” என்றார்.

பிறகு அவரே சொன்னார். பண்டகசாலை உளுந்து பழைய உளுந்து, அரைத்தால் மாவு காணுவதில்லை. ஒரு படி போட வேண்டிய இடத்தில் ஒன்றேகால் படி போட வேண்டியிருக்கிறது. வெளிச்சந்தையைவிட விலை குறைவு என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கால் படியைச் சேர்த்தால் குறைவு எங்கே? அரிசிச் சிப்பம் 50 கிலோ என்று வருகிறது, பிரிக்காமல் தராசில் வைத்தால் ஒரு கிலோ, இரண்டு கிலோ இடிக்கிறது. அந்தக் குறைவைக் கடையில் எடை போடும் பெண்ணின் கூலியில் பிடிக்கிறார்கள், அவள் வேறு வழியில்லாமல் நம் எடையில் பிடிக்கிறாள். ஒரே வியாபாரியிடம் ஏன் வருடக்கணக்காக வாங்குகிறார்கள்? கொள்முதல் செய்யும்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க யாராவது போகிறார்களா? “நீங்க ஜெயிச்சா முதல்ல அந்தத் தராசை வெளியில வைக்கச் சொல்லுங்க டீச்சர்.”

கொள்முதல், தரம், எடை, கூலி, பொறுப்பு. ஒரு நிர்வாகக் குழு பேச வேண்டிய அத்தனையையும் அவர் மாவாட்டிக்கொண்டே பேசி முடித்துவிட்டார். என் துண்டறிக்கையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

கிளம்பும்போது அவரது வாக்கைக் கேட்டேன். சிரித்தார். “எனக்கு ஏது ஓட்டு? கார்டு அவரு பேர்லல்ல இருக்கு.” அவர் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்து வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன். இறந்தவரின் பெயர் இருந்தது. பக்கத்துக்கு இரண்டு மூன்று பெண் பெயர்கள் இருந்தால் அதிகம். அவர்களிலும் பலர் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரிகள். உறுப்பினராவதற்கான பங்குத்தொகை ஒரு கிலோ பருப்பின் விலைகூட இல்லை. பணம் தடையாக இருக்கவில்லை. ‘வீட்டுக்கு ஒரு கார்டு போதும்’ என்ற பேச்சுதான் தடையாக இருந்தது. அந்த ஒன்று யார் பெயரில் என்று எந்த வீட்டிலும் யாரும் விவாதித்ததில்லை.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும்போது அவள் தலைவி. அந்த வரிசையை நடத்தும் சங்கத்தின் வாக்காளர் பட்டியலில் அவளைத் தேட வேண்டியிருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான கதையல்ல. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய கடையிலிருந்துதான் நுகர்வோர் கூட்டுறவின் வரலாற்றை எழுதுகிறோம். வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு என்பது அவர்கள் வகுத்த முறை. வாங்கியவர்கள் மனைவிகள். ஆனால், குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற விதி பல சங்கங்களில் இருந்தது, அந்த ஒருவர் பெரும்பாலும் கணவராக இருந்தார். 1883இல் உருவான பெண்கள் கூட்டுறவு கில்டு இதை எதிர்த்தது. மணமான பெண்ணும் தன் பெயரில் உறுப்பினராக வேண்டும், கடைகளின் நிர்வாகக் குழுக்களுக்குப் போட்டியிட வேண்டும் என்று தொழிலாளர் வீட்டுப் பெண்களை அது பழக்கியது. கேத்தரின் வெப் 1927இல் எழுதிய அதன் வரலாற்று நூலுக்குக் கூடை ஏந்திய பெண் என்று பொருள்படும் தலைப்பு. கூடையை அவர்கள் அன்பின் சின்னமாகப் பார்க்கவில்லை. ஒரு கடையை வாழவைக்கவும் வீழ்த்தவும் வல்ல வாங்கும் பலமாகப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு 1931இல் வெளிவந்தது. அதற்கு வர்ஜீனியா வுல்ஃப் முன்னுரையாக ஒரு கடிதம் எழுதினார். 1913இல் நியூகாசிலில் நடந்த கில்டு மாநாட்டுக்குப் பார்வையாளராகப் போனதை அதில் நினைவுகூர்கிறார். மேடையேறிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குளியலறை வேண்டும், அடுப்பு வேண்டும், கூலி உயர வேண்டும் என்று பேச, இவற்றில் எதுவும் நிறைவேறாவிட்டாலும் தன் வாழ்க்கையில் ஒன்றும் குறையப்போவதில்லை என்பதை உணர்ந்து சங்கடப்படுகிறார். அந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுதியதற்காகவே நான் வுல்ஃபை மதிக்கிறேன். பேராசிரியராக, மாதச் சம்பளக்காரியாக, உளுந்து மாவு காணாவிட்டால் கடைமாவு வாங்கிக்கொள்ளக்கூடியவளாக நான் எங்கே நின்றேன் என்பதை அந்தக் கடிதம் எனக்குக் காட்டியது.

ஆனால், கடிதத்தின் பிற்பகுதியில் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். இந்தக் கட்டுரைகளுக்கு இலக்கியமாக எல்லைகள் உண்டு, விலகி நின்று பார்க்கும் தன்மையும் கற்பனை விரிவும் போதவில்லை என்று ஓர் இலக்கிய விமர்சகர் சொல்லக்கூடும் என்கிறார் வுல்ஃப். அந்த விமர்சகருக்கு அவர் முழுக்க உடன்படுவதில்லை, முழுக்க மறுப்பதும் இல்லை. நான் மறுக்க விரும்புகிறேன். கால் படி உளுந்தின் கணக்கைப் பெண்கள் பேசும்போது அதில் கற்பனை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு கிலோ குறைவு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறி, யார் கூலியில் போய் விழுகிறது என்பதை அடுப்படியில் நின்றபடி முழுதாகப் பார்க்கிற கண்ணை நாம் கற்பனை என்றே அழைத்ததில்லை. கற்பனை என்ற பெயரில் என் துண்டறிக்கையில் இருந்தது அலங்காரம்.

இனி மணிமேகலைக்கு வருகிறேன். அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது. அம்மாக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த உவமைக்குத்தான் போகிறோம். குறையாத பாத்திரத்தை யாரும் அளப்பதில்லை. அளக்காததற்குக் கணக்கில்லை. கணக்கில்லாத இடத்தில் யாரும் பதில் சொல்லவும் வேண்டாம். பெண்ணை அமுதசுரபி என்று போற்றும் மொழி, அவள் கையிலிருந்து கணக்குப் புத்தகத்தை மென்மையாக எடுத்து வைத்துவிடுகிறது. ‘கூட்டத்துக்கெல்லாம் வந்து கஷ்டப்பட வேண்டாம்’ என்று பேராசிரியர் சொன்னதும் ‘அன்னமிடும் கை’ என்று நான் எழுதியதும் ஒரே மொழிதான்.

அந்தக் கை யாருடைய கை என்றும் நான் கேட்கவில்லை. காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இடத் தகுதியானவளாகக் காட்டப்படுவது கற்புடைய ஆதிரை. உணவுக்கு முன்பே தூய்மை கேட்கப்பட்டுவிடுகிறது. நான் துண்டறிக்கை கொடுத்த அதே 2018இல், திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்த செய்தி வந்தது. அன்னமிடும் கைகள் எல்லாவற்றையும் இந்த ஊர் கும்பிடுவதில்லை. சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறது. பொதுவாகப் பெண் என்று எழுதிய என் வரி அந்தக் கைகளை மறைத்துவிட்டது.

தோற்ற பிறகு சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையைத் திரும்பப் படித்தேன். சிறையில் கிடப்பவர்களுக்கு மணிமேகலை உணவிடுகிறாள். செய்தி அரசனுக்குப் போகிறது. என்ன வேண்டும் என்று அவன் கேட்கும்போது அவள் பொன்னோ புகழோ கேட்கவில்லை. இன்னும் பலருக்கு உணவிட அனுமதியும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்கிறாள். ஒரு நிறுவனத்தின் பயன்பாட்டையே மாற்றச் சொல்கிறாள். அத்தனை ஆண்டுகளும் இதைக் கருணை என்று வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். இது நிர்வாகக் கோரிக்கை. இன்னொன்றும் உண்டு. அந்த இடத்தில் அவள் தன் உருவில் இல்லை. யானைத்தீ என்னும் தீராப் பசியில் வாடிய காயசண்டிகையின் உருவில்தான் அரசன் முன் நிற்கிறாள். கோரிக்கை வைப்பது கொடுப்பவளின் உருவமல்ல, பசித்தவளின் உருவம். சாத்தனார் இதைக் கருதித்தான் அமைத்தாரா என்பது என் கேள்வியல்ல. இன்று நமக்குத் தேவையான வாசிப்பு அந்தப் பிரதிக்குள் இருக்கிறது, நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

முடிவு வந்த மறுநாள் இட்லிக் கடைக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது அக்கா இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, “31 ஓட்டுத்தானே டீச்சர். நம்ம தெருவுல மட்டும் கார்டு இல்லாத பொம்பளைங்க அதைவிட அதிகம்” என்றார். அடுத்த மாதங்களில் அவர் முன்னே நடக்க, நான் விண்ணப்பப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு பின்னே போனேன். கணவரின் இறப்புச் சான்று, ஆதார் நகல், படம், பங்குத்தொகை என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து நிரப்பினோம். ‘வீட்டுக்கு ஒண்ணு போதாதா’ என்று கேட்ட ஆண்களுக்கு அக்கா தந்த பதில்கள் இங்கே அச்சேற்றத் தக்கவை அல்ல.

2023இல் நிர்வாகக் குழுவின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. இப்போது ஓர் அலுவலர்தான் பண்டகசாலையைப் பார்த்துக்கொள்கிறார். தேர்தல் வந்தால் நான் நிற்கப்போவதில்லை. அக்கா நிற்கிறார், பொது இடத்தில். முன்மொழிபவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கும். துண்டறிக்கையையும் அவரே சொல்லிவிட்டார், நான் எழுதிக்கொண்டேன். நான்கே வரிகள். முதல் வரியில் தராசு இருக்கிறது.