முற்பணமும் போனஸும்

"கடனா? தீபாவளிக்குக் கடனா குடுப்பாங்க?"

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சாப்பாட்டு அறை. 2024 தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தவள் என் தங்கை மகளோடு வேலை செய்யும் இளம் நர்ஸ். கெட்ட பிள்ளை இல்லை. என் தட்டில் வற்புறுத்தி இன்னும் இரண்டு கரண்டி சாம்பார் சாதம் வைத்தவளும் அவள்தான். அன்று அவர்களுக்குப் போனஸ் கவர், ஸ்வீட் பாக்ஸ், புடவை எல்லாம் வந்திருந்தன. (எங்களுக்குப் புடவை என்றால் துணி, அவர்களுக்கு அது சேலை. நான் முதலில் கவுண் தைக்கிற துணி என்றே நினைத்தேன்.) "உங்க ஊர்ல என்னம்மா குடுப்பாங்க?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் தாதி வேலை செய்கிற நான், பண்டிகை முற்பணம் என்று சொல்லி, அது என்னவென்று விளக்கினேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. பக்கத்தில் இருந்த என் பெறாமகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இலங்கையில் அரச ஊழியருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அவரவர் பண்டிகைக்கு முற்பணம் கிடைக்கும். வட்டி இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் கழிபடும். ஆகவே கடன்தான், மறுக்கவில்லை. ஆனால் தாதிக்கும் வாட்டுக் கூட்டுகிற சிற்றூழியருக்கும் ஒரே தொகை. யார் முகத்தையும் பார்த்துத் தருவதில்லை. யாருக்கும் கும்பிடு போட்டு வாங்குவதுமில்லை. பொதுவிடுமுறை நாளில் வேலைக்கு வந்தால் அதற்கு வேறாகக் கொடுப்பனவு உண்டு. திருச்சியில் அந்தப் போனஸ் கவர் ஆளுக்கு ஆள் வேறு தடிப்பில் இருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமாரின் கையில் கவரும் இல்லை, பெட்டியும் இல்லை. கேட்டதற்கு, "அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க பெரியம்மா, அவங்களுக்குக் கம்பெனி தரும்" என்றாள் பெறாமகள். எங்களிடமும் துப்பரவு வேலைக்குக் கொந்தராத்துக்காரர் வந்துவிட்டார்கள். அதைப் பற்றி நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். தீபாவளி வாரத்துக்கு யார் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பத்து நாளுக்கு முன்பே எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்துவிட்டது. தீபாவளிக்கு ஆஃப் எடுத்தவருக்குப் பொங்கலுக்கு டியூட்டி என்றும் அதிலேயே போட்டிருந்தது. பண்டிகைக் காலையில் பெரிய டாக்டர் மாடி மாடியாக ஏறி வந்து நர்ஸ்மாரோடு நின்று இட்லி சாப்பிட்டார். அது எனக்கு மிகவும் பிடித்தது. அரசு மருத்துவமனைகளில் தீபாவளி இன்னும் கடுமையான நாள். பட்டாசுக் காயக்காரருக்கென்று முன்கூட்டியே கட்டில் ஒதுக்கிக் காத்திருப்பார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அன்று உறக்கமே கிடையாதாம். அவர்களுக்கு எத்தனை பெட்டி இனிப்புக் கொடுத்தாலும் தகும். ஆனால் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக இருக்கும் நர்ஸ்மார் நிரந்தரம் கேட்டு அங்கே வீதியில் இறங்குவதையும் செய்தியில் பார்க்கிறேனே.

பெயர்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோரும் 'சிஸ்டர்'. எங்களிடம் முதலில் 'மிஸ்ஸி', பதவி உயர்ந்தால்தான் 'சிஸ்டர்'. நான் சிஸ்டர் ஆவதற்கு 20 வருஷம் சென்றது. அந்தச் சொல்லுக்காக எத்தனை நைற் டியூட்டி! அங்கே இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து "சிஸ்டர், ஊசி போடுங்க" என்கிறார்கள். தாதி என்ற சொல்லைக் கேட்டு, "வேலைக்காரி மாதிரி இருக்கே" என்றார் ஒரு பெரியவர். அவர்களுடைய செவிலி என்றால் மட்டும் என்ன? சங்கப் பாட்டில் தலைவியை வளர்த்தவள் செவிலித்தாய். பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் தாதி. இரண்டு சொல்லும் ஒரே வீட்டுக்குள் பிறந்தவை. அவர்கள் ஒன்றை எடுத்தார்கள், நாங்கள் மற்றதை வைத்துக்கொண்டோம். அந்தப் பெரியவருக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

நான் 1991இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரில் மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை. டியூட்டி மாறினால் சைக்கிளில் ஒருவர் வீடு தேடி வந்து சொல்லுவார். பழைய படிவத்தின் பின்பக்கத்தில் மேற்றன் கையால் எழுதிய ரோஸ்டர் சுவரில் இருக்கும். ஜாம் போத்தல் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பெயரைத் தேடுவோம். யாருக்கு எந்தப் பண்டிகை, யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள் இருந்தது.

இப்போது எங்கள் வாட்டுகளில் சிங்களப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். வெசாக்குக்கு அவர்கள் ஊருக்குப் போக நாங்கள் நிற்போம். தைப்பொங்கலுக்கு எங்களை அனுப்பிவிட்டு அவர்கள் நிற்பார்கள். எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லாத ஒழுங்கு இது. சித்திரை வருஷம் மட்டும்தான் சிக்கல். இரண்டு பகுதிக்கும் ஒரே நாள். மாத்தறைக்குப் போகிற பிள்ளைக்குப் போகவே ஒரு பகல் வேண்டும், நல்லூரில் இருக்கிறவர் பொங்கிவிட்டு ஓடி வரலாம் என்று விட்டுக்கொடுப்போம். வந்து நிற்கிறவர்களுக்குக் காலையில் நான் வெற்றிலையில் வைத்துக் கைவிசேடம் கொடுப்பேன். ஐம்பது ரூபாவோ நூறு ரூபாவோதான். கண்ணில் ஒற்றி வாங்குவார்கள்.

இந்தியா எங்களுக்குத் தந்ததையும் மறக்கவில்லை. அம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108 என்றால் எங்களிடம் 1990. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அதனால் உயிர் தப்பியவர்களை என் கையாலேயே கட்டிலில் ஏற்றியிருக்கிறேன்.

ஆனால் திருச்சியில் ஒருவர், கொரோனா நேரம், 2020 மே 3ஆம் திகதி, சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனை மேல் விமானப்படை ஹெலிகொப்டர் பூத் தூவியதைப் பெருமையோடு சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்கு அது பூ. எங்களுக்கு அந்தச் சத்தம் வேறு.

1987 ஒக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய அமைதி காக்கும் படை நுழைந்து சுட்டது. மறுநாள் காலை குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாதியரைக் கூட்டிக்கொண்டு, கையை உயர்த்தியபடி சரணடைய வந்தார். அவரையும் சுட்டார்கள். நோயாளரோடு சேர்த்து ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். அவர்களில் வைத்தியர், தாதியர், சிற்றூழியர் என்று ஆஸ்பத்திரி ஆட்கள் மட்டும் 21. பண்டிகை என்று வீட்டில் நில்லாமல் நோயாளருக்காக வந்தவர்கள். ஒவ்வொரு ஒக்டோபர் 21ஆம் திகதியும் ஆஸ்பத்திரியில் அவர்களின் படங்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறோம். நான் சேர்ந்த காலத்தில், அவர்களோடு வேலை செய்த மூத்த மிஸ்ஸிமார் தீபாவளியன்று கதைக்கமாட்டார்கள். மருந்து கொடுப்பார்கள், கட்டில் விரிப்பார்கள், அவ்வளவுதான். அந்த நாளுக்கு இனிப்புப் பெட்டி எங்கள் நினைவிலேயே வந்ததில்லை.

2024இல் ஒக்டோபர் 21ஆம் திகதி நான் திருச்சியில் இருந்தேன். பெறாமகளின் குசினியில் ஒரு சிட்டி விளக்கு ஏற்றினேன். டியூட்டிக்குப் புறப்பட்டவள், "இன்னைக்கு என்ன பெரியம்மா?" என்றாள். 1990இல் இந்தியாவுக்குப் படகேறிய என் தங்கை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த மண்ணிலேயே வாழப்போகிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பாள். நான் சொன்னேன். பை தோளில் தொங்க, விளக்கு அணையும்வரை நின்றுவிட்டுத்தான் போனாள். அன்று அவளுக்கு லேட் மார்க்.

நான் திரும்பும்போது தன்னுடைய ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமல் என் பையில் வைத்தாள். "உங்க வார்டுக்கு" என்றாள்.

நைற் டியூட்டிக்கு வந்த அன்று மேசையில் வைத்துத் திறந்தேன். மைசூர்ப்பாகு, 12 துண்டு. மிஸ்ஸிமார், சிற்றூழியர், அம்புலன்ஸில் வந்து நின்ற இரண்டு பொடியள். பிறகு துப்பரவு செய்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டேன். 17 பேர். மாத்தறைப் பிள்ளை ஒரு கத்தி எடுத்து வந்தாள்.