எடைக்குப் போடாதீங்க அக்கா!

எங்கள் அம்பத்தூர்ப் பக்கம் எந்த வீட்டுப் பரணைக் குடைந்தாலும் அரசு இலவசமாகக் கொடுத்த ஓர் அம்மா லேப்டாப் அகப்படும். கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டிக்கும் கொலுப் பொம்மை டிரங்குப் பெட்டிக்கும் நடுவில், அன்றைய முதல்வர் படம் போட்ட அதே பைக்குள், சார்ஜர் வயர் சுற்றியபடி கிடக்கும். ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி எங்கே போனாலும் இதே நிலவரம்தான். பேட்டரி எப்போதோ செத்திருக்கும். காயலான் கடைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து ஒரு விலை சொல்வார். அந்த விலையைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஏனென்றால் அந்த டப்பா ஓடும். சத்தியமாக ஓடும்! ஓட்டிக் காட்டியிருக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தது எந்த சர்வீஸ் சென்டரும் இல்லை, சம்பளம் வாங்காமல் சிலர் தமிழில் நடத்திவரும் ஓர் இதழ். அதன் பெயர் கணியம். அந்த இதழைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் இந்த எந்திரத்தின் பெருமை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். ஆக, இது எங்கள் மாவட்டத்தில் பிறந்த சரக்கு என்று நான் மார்தட்டிக்கொள்வதில் தப்பே இல்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் வாங்கிப்போனார்கள். பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1982-லேயே ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 என்று வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. டிவியில் செருகிக்கொண்டு அங்குள்ள பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகினார்கள். நம் நாட்டில் 1984-ல் கிளாஸ் என்ற திட்டத்தில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ எந்திரங்கள் போயின. எங்கள் பள்ளிக்கு அந்த பாக்கியம் இல்லை. பின்னால் எப்போதோ கம்ப்யூட்டர் வந்தபோதும், ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றதுதான் மிச்சம். வீட்டில் சொந்தமாக ஒன்று, கட்டிலில் சாய்ந்துகொண்டு நோண்ட ஒன்று என்ற சுகம் நம் சாதாரணக் குடும்பங்களுக்கு வந்தது அம்மா லேப்டாப்பில்தான். அவர்களுக்கு ஸ்பெக்ட்ரம் எப்படியோ நமக்கு இது அப்படி. இந்த ஒரு விஷயத்தில் யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பேன்.

அந்தப் பழைய எந்திரங்களை அந்த ஊர்க்காரர்கள் விட்டுவிடவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்பிள் டூ என்ற கம்ப்யூட்டர் கடைசியாகத் தயாரானது 1993-ல். அதற்காக ஜூஸ்ட் ஜிஎஸ் என்று ஒரு காலாண்டிதழ் 1996-ல் தொடங்கி, காகிதத்தில் அச்சாகி வந்திருக்கிறது. எந்திரம் கடையை விட்டுப் போன பிறகு பிறந்த பத்திரிகை! ஜெர்மனியில் ஆபுக் என்ற அட்டாரி கம்ப்யூட்டர் மன்றம் 1985-லிருந்து தன் உறுப்பினர்களுக்கு இதழ் நடத்துகிறது. சிங்க்ளேர் கியூஎல் என்றொரு எந்திரம் 1984-ல் வந்து, சரியாக விற்காமல், 1986-ல் ஆம்ஸ்டிராட் கம்பெனி சிங்க்ளேரை வாங்கியதோடு மூட்டை கட்டிவிட்டது. அதற்கான குவாண்டா என்ற பயனர் குழு மட்டும் ஓயவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரி உட்கார்ந்து பக்கம் அமைத்துத் தபாலில் சேர்க்கிற ஆட்கள் இவர்கள்.

அந்தக் கியூஎல்லைப் பற்றி ஒரு செய்தி. விற்காமல் போன அந்த எந்திரத்தைப் பின்லாந்தில் ஒரு பையன் காசு சேர்த்து வாங்கினான். அதற்கு சாஃப்ட்வேர் கிடைப்பதே அரிது என்பதால் எடிட்டர், அசெம்பிளர் எல்லாம் தானே எழுதிக்கொண்டான். அவன்தான் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் லினக்ஸ் எழுதினவன். இன்றைக்கு அம்மா லேப்டாப்பை உயிர்ப்பிக்க நான் போடுவது அந்த லினக்ஸ். இந்தச் சுற்று புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால் நம்புவீர்களா?

கணியத்துக்கு வருகிறேன். 2012 ஜனவரியில் த. சீனிவாசனை ஆசிரியராகக் கொண்டு முதல் இதழ் வந்தது. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் மாத இதழாக, பிடிஎஃப் வடிவத்தில், காசில்லாமல் வெளியானது. எழுதுகிறவர்களுக்கும் காசில்லை, படிக்கிறவர்களுக்கும் செலவில்லை. அதில் து. நித்யா எழுதிய தொடர்களைச் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல் பற்றியும் லினக்ஸ் பற்றியும் ‘எளிய தமிழில்’ என்ற பெயரோடு வந்து, பிறகு மின்னூல்கள் ஆனவை. தலைப்பில் எளிய என்று போட்டுவிட்டு உள்ளே மண்டையைக் காய வைக்கிற நூல்கள் ஏராளம். இவர் எழுதினது நிஜமாகவே எளிமை. ஒரு கட்டளை, அது என்ன செய்யும், அடித்தால் திரையில் என்ன வரும், அவ்வளவுதான். ச. குப்பன் லிபர் ஆஃபிஸை ஒவ்வொரு மெனுவாகப் பிரித்து மேய்ந்திருப்பார். மின்சார வாகனம், 3டி அச்சு, ரோபோ என்று இரா. அசோகன் எழுதுவதைப் படித்தால், பட்டறையில் லேத் ஓட்டுகிறவருக்கும் பயன்படும். எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தத் தொடர்களைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதே கூட்டத்தார் 2013-ல் இலவசத் தமிழ் மின்னூல் திட்டத்தையும் தொடங்கினார்கள். அதில் எனக்குப் பிடித்த சங்கதி, ஒரே நூலை ஏ4 அளவிலும் கொடுப்பார்கள், கையடக்கக் கருவிக்கென்று 6 அங்குல அளவிலும் கொடுப்பார்கள். கண்ணாடி போட்டவர்களை நினைத்து யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இனி வேலைக்கு இறங்குவோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் அந்தப் பையோடு வந்து நின்றார். “தம்பி, பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறப்ப குடுத்தது. அவளுக்கே கல்யாணம் ஆயிடுச்சு. எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன், உள்ள போட்டோ கீட்டோ இருந்தா எடுத்துக் குடேன்” என்றார்.

“எடைக்குப் போடாதீங்க அக்கா! ரெண்டு நாள் என்கிட்ட விட்டுட்டுப் போங்க.”

பின்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றி மூடியை நெம்பினால், விசிறிக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே தூசு இலவம்பஞ்சு மாதிரி கெட்டித்துக் கிடந்தது. ஒரே துண்டாக உரிந்து வந்தது. பிராசஸர் மேலே இருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று முனகியது. போட்டோக்களை எல்லாம் பத்திரமாக வேறு இடத்தில் ஏற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுத்து, ரிச்சி தெருவில் வாங்கிவந்த எஸ்எஸ்டியைச் செருகினேன். 2 ஜிபியாக இருந்த ரேமை 4 ஜிபி ஆக்கினேன். அப்புறம் எல்லோரும் கோட்டைவிடுகிற சமாச்சாரம் ஒன்று உண்டு: மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032. அது செத்திருந்தால் எந்திரத்தின் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தப் பக்கத்தையும் நம்பாமல் எச்சரிக்கை காட்டும். இன்டர்நெட் போச்சு என்று ஆளுக்கு ஆள் மோடத்தைத் தட்டுவார்கள். வாட்ச் கடையில் கிடைக்கிற பேட்டரி அது!

முதல் தவணை லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்காது. சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதல் வெளியீடு 2007. பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், சொல்லித்தர ஆள் இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் ஆதரவு முடிந்துபோனது. 11 போடலாமே என்பீர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும், புதுத் தலைமுறை பிராசஸர் கேட்கும், நம் டப்பாவை வாசலிலேயே நிறுத்திவிடும். நான் போட்டது லுபுண்டு என்ற லினக்ஸ். எல்எக்ஸ்கியூடி என்ற கனமில்லாத மேசைத்தளம். பென்டிரைவில் ஏற்றி, நிறுவி, எழுப்பினால், அக்கா வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் திரை வந்து நின்றது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு அக்காவின் பெயரை அடித்துக் காட்டினேன். “அட, நம்ம எழுத்து!” என்று திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரே தகராறு வைஃபை. அந்தக் காலத்து பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்தக் கூத்துக்கு வழி, செல்போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுவது. லினக்ஸ் உடனே அதை நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். டிரைவரை இறக்கி, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் தெருவில் உள்ள அத்தனை வைஃபை பெயர்களும் வரிசை கட்டும்.

படிப்பதற்கு எனக்குத் திரை ஒத்துவராது, காகிதம்தான். கணியம் பழைய இதழ்களை அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இருபக்கமும் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டேன். கடைக்காரர் தயங்கினார். “சார், புக்கு மாதிரி இருக்கு. காப்பிரைட்டு கீப்பிரைட்டுன்னு பிரச்சனை வராதே?” உரிமப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். கிரியேட்டிவ் காமன்ஸ். பகிரலாம், திருத்தலாம், நகலெடுத்து விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், திருத்தியதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். அவர் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தார். “விக்கலாமா? அப்ப நானே நாலு காப்பி போட்டு வைக்கிறேனே” என்றார். போட்டும் வைத்தார்!

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய இதழ்களில் சில கட்டளைகள் இன்றைய லினக்ஸில் வேலை செய்யாது. நிரல் தெரியும் படங்கள் சில பிரிண்டில் கறுப்புத் திட்டாக விழுகின்றன, பூதக்கண்ணாடி வைத்தாலும் தேறாது. எனக்கு ஜெராக்ஸ் காகிதத்தில் மார்ஜின் கம்மி என்பதும் ஒரு மனக்குறை, நான் ஓரத்தில் குறிப்பெழுதுகிற ஜாதி. இலவசமாக வருவதில் நொட்டை சொல்லக் கூடாது என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். நேசிப்பவன்தான் நொட்டை சொல்வான். சொல்லிவிட்டுத் திருத்தியும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஜனங்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இயங்குகிறது. ஐஐடி வளாகத்தில் விமானப் பொறியியல் துறை வகுப்பறையில் இரண்டாவது சனிக்கிழமைகளில் கூடிப் பேர் வாங்கிய குழு. அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறி கிண்டி, அங்கிருந்து ஐஐடி வாசல். வாசலிலிருந்து உள்ளே போகிற தூரம் தனி யாத்திரை, வழியெல்லாம் மான். காஞ்சிபுரத்தில் ஒரு குழு வாராவாரம் கூடுகிறது, விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. எங்கள் மேற்குப் பக்கத்துக்குத்தான் இன்னும் ஒன்று அமையவில்லை. ஆவடியில் யாராவது மொட்டைமாடி கொடுத்தால் டீ செலவு என்னுடையது.

அக்காவின் லேப்டாப் இப்போது அவருடைய தங்கை மகனிடம் இருக்கிறது. பூந்தமல்லிப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறான். வைஃபை சங்கதியை அவனே வேறொரு லேப்டாப்பில் தீர்த்தான். அந்த மாடலில் சில்லு வேறு, வழியும் கொஞ்சம் வேறு. “இதை அப்படியே எழுதிக் கணியத்துக்கு அனுப்புடா” என்று நச்சரித்து வருகிறேன். லிபர் ஆஃபிஸில் பாதி எழுதிவிட்டான். திரைப் படம் எல்லாம் வெள்ளைப் பின்னணியில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், பிரிண்டில் திட்டாகாமல் இருக்க. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன் கேட்டான்:

“அண்ணே, கட்டுரையில என் பேரு போடுவாங்களா?”

“போடுவாங்கடா. உரிமத்துலயே இருக்கு, பேரு சொல்லியே ஆகணும்.”

“அப்ப இனிஷியலோட போடச் சொல்லுங்கண்ணே. எங்க கிளாஸ்ல என் பேருல மூணு பேர் இருக்கானுங்க.”