சொல்லற்கரிய சொல்: புறநானூற்றுப் புலவர் காட்டும் நெறி

சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ்டவுனில் படிவம் 5 மாணவர்க்கு இலக்கிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். திருக்குறளின் 10ஆம் அதிகாரமாகிய ‘இனியவை கூறல்’ அன்றைய பாடம். பாடம் முடிந்ததும் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இனிய சொல் பேச வேண்டும் என்பது விளங்கிற்று. சொல்ல வேண்டிய செய்தியே இனியதாக இல்லாவிட்டால் என்ன செய்வது?” என்று வினவினான். பின்னர்த் தனியே விசாரித்தபோது அவன் நிலை தெரிந்தது. தேர்வு முடிந்தவுடன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அவனைச் சேர்த்துவிடத் தந்தையார் முடிவு செய்திருந்தார். அவனோ மேலே படிக்க விரும்பினான். அதைத் தந்தையிடம் எடுத்துரைக்கும் வகை அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்று உடனே விடை கூற இயலவில்லை.

அவ்வினாவோடு மீண்டும் படித்தபோது, பலமுறை நடத்திய புறநானூறு எனக்கு வேறொரு நூலாகத் தோன்றியது. 1894இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட அந்நூலை வீரமும் கொடையும் பாடும் தொகை என்றே நாம் மாணவர்க்கு அறிமுகப்படுத்துகிறோம். புலவர்கள் மன்னர்க்கு அஞ்சாது இடித்துரைத்தனர் என்றும் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறோம். இரண்டும் உண்மையே. ஆனால், அஞ்சாமையைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறோம். எதை முதலில் சொன்னார்கள், எதைச் சொல்லாது விட்டார்கள், கேட்பவன் மானம் கெடாமல் மனம் மாற எவ்வாறு இடம் வைத்தார்கள் என்பவற்றை ஆராய்வதில்லை. அப்பாடல்களின் ஆற்றல் பெரிதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தமிழ் மரபு இவ்வகைப் பேச்சைத் தற்செயலாக விட்டுவிடவில்லை, பெயரிட்டு வகுத்தது. கேட்பவர்க்கு முதலில் வேம்பைப் போல் கசந்து பின்னர் நன்மை பயக்கும் உரையை ‘வாயுறை வாழ்த்து’ என்றார் தொல்காப்பியர். ஆள்வோர் செவியில் அறிவு புகுத்துவது ‘செவியறிவுறூஉ’ ஆயிற்று. பிறரை வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்பவனைத் தணித்துச் சந்து செய்வது ‘துணைவஞ்சி’ என்னும் துறையாயிற்று. கடுஞ்செய்தியைச் சொல்வதும் பயின்று பெற வேண்டிய ஒரு கலை என்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

முதலில் தொழிலிடத்து உரையை நோக்குவோம். புலவர்க்கு மன்னன் அவையே பிழைப்பிடம். அவன் முகம் மாறினால் பரிசில் இல்லை, சுற்றத்திற்கு உணவில்லை. இந்நிலையில்தான் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் வரிக்கொடுமை பற்றிப் பேசுகிறார் (புறம் 184). “நீ கொடியவன்” என்று அவர் தொடங்கவில்லை. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளைக்கு உதவும். யானையே வயலுள் புகுந்தால் நூறு வயலாயினும் அது உண்பதைவிடக் காலால் அழிப்பதே மிகுதி என்கிறார். மன்னன் தன் குற்றத்தைக் கேட்குமுன் தன் இழப்பைக் கேட்கிறான். அவனுடைய நலனும் குடிகளின் நலனும் ஒன்றே என்று நிறுவிய பின்னர்தான் குறை வெளிப்படுகிறது.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரின் முறை வேறு (புறம் 95). தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் விளங்குகின்றன என்கிறார். அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி போன்ற பழிப்பும் பழிப்புப் போன்ற புகழ்ச்சியும் இவை. கேட்பவன் சினங்கொள்ள வெளிப்படையான ஒரு சொல்லும் அதில் இல்லை. போரின் விளைவு மட்டும் அவனுக்குத் தெளிவாகிவிடுகிறது.

எப்போதும் இவ்வாறு சுற்றி வளைத்துப் பேசுவதே நெறியா எனின், அன்று என்பார் கோவூர் கிழார். ஆவூர்க் கோட்டைக்குள் அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் அவர் நேராகவே பேசினார் (புறம் 44). யானைகள் உணவின்றிப் பிளிறுகின்றன. குழந்தைகள் பாலின்றி அழுகின்றன. மனைகளில் நீரின்றிப் புலம்பல் கேட்கிறது. இவற்றின் நடுவே நீ இனிதிருப்பது கொடிது. அறத்தை எண்ணினால் கதவைத் திறந்து ஊரைக் கொடு. மறத்தை எண்ணினால் கதவைத் திறந்து போரிடு என்றார். உயிர்கள் வாடும் நேரத்தில் உவமை தேடிக்கொண்டிருக்க இயலாது. அப்பொழுதும் அவர் மன்னனுக்கு இரண்டு வழிகளை வைக்கிறார். இரண்டும் மானமுள்ள வழிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவரே கிள்ளிவளவன் முன் நின்று, யானைக் காலில் இடப்படவிருந்த மலையமான் மக்களுக்காகப் பேசியபோது குரலை மாற்றிக்கொண்டார் (புறம் 46). புறாவின் துன்பம் தீர்த்த மரபில் வந்தவன் நீ என்று அவன் குலத்தை நினைவூட்டினார். இச்சிறுவர்கள் யானையைக் கண்டு அழுகையையும் மறந்து, கூடியிருப்போரை மருண்டு நோக்குகின்றனர் என்று காட்டினார். கேட்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்துக்கொண்டார். முடிவை அவன் கையிலேயே விட்டுவிட்டதால், இரக்கம் காட்டுவது அவனுக்குத் தோல்வியாகவில்லை, அவனது பெருமையாயிற்று. அச்சிறுவர் உய்ந்தனர் என்கிறது பாடலின் அடிக்குறிப்பு.

இனி இல்லத்துள் நுழைவோம். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலின் வீட்டில் கண்ணீர். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் இதுபற்றிப் பாடியுள்ளனர் (புறம் 143–147). கபிலர், உன் மலையைப் பாடியபோது விம்மி அழுதாளே, அவள் யார் என்று வினவி நிறுத்துகிறார். வினாவாக வந்த அச்செய்திக்குப் பேகனே தன் நெஞ்சில் விடை காண வேண்டும். பரணர் (145), பசியாலும் வரவில்லை, சுற்றத்தின் சுமையாலும் வரவில்லை என்று சொல்லி, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதையே தாம் இரக்கும் பரிசிலாகக் கேட்கிறார். பிறர் குடும்பத்தில் தலையிடும் உரிமையை அவர் எதனால் பெற்றார்? தமக்குரிய ஊதியத்தை இழக்க முன்வந்ததனால் பெற்றார். அறிவுரை கூறுவோர் பலர். அதற்காகத் தாம் ஒன்றை இழப்போர் சிலர். அச்சிலரின் சொல்லுக்கே எடை உண்டு.

நம் அண்டை இனத்தாராகிய மலாய்க்காரரின் பந்துன் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அதன் முன்னிரு அடிகள் இயற்கைக் காட்சியைக் காட்டிச் செல்லும். பின்னிரு அடிகளில் கருத்து வெளிப்படும். முன்னதைப் ‘பெம்பாயாங்’ என்பர். நிழல் காட்டுவது என்று பொருள்படும். 2020இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வடிவம், நேரில் சொல்லக் கூசுவதைச் சொல்வதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று. மலையைப் பாடி மனைவியின் கண்ணீருக்கு வரும் கபிலரின் பாடலைப் பினாங்கு மாணவர் பந்துனோடு ஒப்பிட்டுப் படித்தால் இரண்டும் நன்கு விளங்கும்.

இப்பாடல்களைக் குறையற்ற வழிகாட்டிகளாகக் கொள்வதும் பிழை. பேகன் மனைவியிடம் திரும்பினானா என்பதைப் பாடல்கள் கூறவில்லை. கண்ணகியின் துயரை நான்கு ஆடவர் எடுத்துரைக்கின்றனர். கணவனிடம் அவளே பேசும் ஒரு பாடலும் இல்லை. பரணரின் பாட்டொன்றில் (144) அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கூறும் சில சொற்களும் புலவரிடம் கூறுவனவே. யார் பேசலாம், யார் பேச இயலாது என்பது அக்காலத்திலும் ஒரு சிக்கலாக இருந்தது. இதனை மாணவியர் கேட்டால் நாம் மழுப்பக் கூடாது.

என் மாணவனுக்குரிய பாடல் கோப்பெருஞ்சோழன் வரலாற்றில் கிடைத்தது. தன் மக்களோடு போரிட எழுந்த அம்மன்னனிடம் புல்லாற்றூர் எயிற்றியனார் பேசுகிறார் (புறம் 213). எதிர்த்து வந்தோர் உன் பழம் பகைவர் அல்லர். உனக்குப் பின் அரசு அவர்க்கே உரியது. அவர் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச்செல்வாய்? நீ தோற்றால் உன் பகைவரல்லவா மகிழ்வர்? ஆகவே சினம் தணிக என்கிறார். தந்தையின் சினத்தை அவர் மறுக்கவில்லை. மக்களின் செயல் சரி என்றும் வாதாடவில்லை. யாருக்காக உழைத்தாயோ அவரோடுதான் போரிடப் போகிறாய் என்பதை நினைவூட்டுகிறார். அச்சோழன் பின்னர் வடக்கிருந்து உயிர் துறந்தான் என்பதைப் பிற பாடல்கள் கூறுகின்றன. நல்ல சொல் போரைத் தடுக்கலாம். புண்ணை முற்றும் ஆற்றிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

அப்பாடலை அம்மாணவனோடு அமர்ந்து படித்தேன். “அப்பா எனக்காகத்தான் இந்த முடிவுக்கு வந்தார் என்பதை நான் முதலில் சொல்ல வேண்டும், இல்லையா ஐயா?” என்றான். தந்தையிடம் அவன் எவ்வாறு பேசினான் என்பதை நான் கேட்கவில்லை. அது அவன் வீட்டுச் செய்தி. ஆனால், திரண்ட கருத்தை மனப்பாடம் செய்து எழுதிய மாணவர் எவரும் அப்பாடலை அவனைவிட நன்றாக உணர்ந்ததில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடல்களை நடத்தும்போது, புலவர் என்ன சொன்னார் என்பதோடு, இதை ஏன் முதலில் சொன்னார், எதைச் சொல்லாது விட்டார், தாம் எதை இழக்கத் துணிந்தார் என்றும் கேளுங்கள். நம் பிள்ளைகள் நாளை தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் இல்லத்திலும் சொல்லற்கரிய சொற்களைச் சொல்லியே தீர வேண்டியவர்கள். அதற்கான பயிற்சி நம் இலக்கியத்திலேயே இருக்கிறது என்பதை அவர்கள் நம்மிடமிருந்து அறிந்து செல்லட்டும்.