'பகல் கனவு' யார் படிக்க வேண்டிய புத்தகம்?

கல்வி பற்றிப் பேசும் நண்பர்களிடம் "ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று கேட்டால், வரும் நாலைந்து பெயர்களில் ஜிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' கட்டாயம் இருக்கும். குஜராத்தியில் 'திவாஸ்வப்ன' என்ற பெயரில் 1930களின் தொடக்கத்தில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். கல்வியாண்டு முடிகிற நேரத்தில் இரண்டாவது முறையாகப் படித்தேன். அருமையான புத்தகம், சந்தேகமே இல்லை. ஆனால் நாம் அதைத் தப்பான ஆளுக்குப் பரிந்துரை செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஜிஜுபாய் பற்றி. 1885இல் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தவர். 1913இல் மகன் பிறந்த பிறகு மாண்டிசோரியைப் படிக்க ஆரம்பித்து, குழந்தைகள் பக்கம் திரும்பினார். 1920இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். 1939இல் இறந்தார். கல்வித்துறைக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தவர். அதனால்தான் என்னைப் போன்ற வெளியாட்களுக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

கதை இதுதான். ஒருவர் கல்வி அதிகாரியிடம் போய், "ஒரு வகுப்பை ஒரு வருஷம் என்னிடம் கொடுங்கள், பரிசோதனை செய்து பார்க்கிறேன்" என்கிறார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தாலும் நாலாம் வகுப்பைக் கொடுக்கிறார். முதல் நாளே திட்டம் படுதோல்வி. மௌன விளையாட்டு நடத்தலாம் என்று போனால் பிள்ளைகள் கூத்தடிக்கிறார்கள். பிறகு கதை சொல்ல ஆரம்பிக்கிறார், வகுப்பு அவர் வசமாகிறது. பாடப்புத்தகக் காசைச் சேர்த்துக் கதைப் புத்தகம் வாங்கி வகுப்புக்கு ஒரு நூலகம் வைக்கிறார். விளையாட்டு, சுத்தம், நாடகம் என்று போகிறது. வருஷக் கடைசியில் பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

படித்து முடித்ததும் எந்த ஆசிரியரைப் பார்த்தாலும் "நீங்களும் இப்படிச் செய்யலாமே" என்று சொல்லத் தோன்றும். நானும் இந்தப் புத்தகத்தை எங்கள் செம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் மதினியிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவருக்கு ஒரு கிளாஸ், ஒரு வருஷம். மொத நாளே சொதப்பியும் அந்த ஆபீசர் விட்டாரு பாருங்க, எனக்கு யாரு அப்பிடி விடுவா?"

நான் இதுவரை படித்த மதிப்புரைகளில் இல்லாத விமர்சனம் இது. புத்தகத்தை மறுபடி புரட்டினால் அவர் சொன்னது அப்படியே நிற்கிறது. கதைசொல்லி வயிற்றுப்பாட்டுக்காக அங்கே வந்தவர் அல்ல. சம்பள உயர்வு, இடமாறுதல், மெமோ என்று எந்தப் பயமும் இல்லை. பின்னால் அதிகாரி நிற்கிறார். எங்கள் ஐ.டி. பாஷையில் சொன்னால் இது ஒரு பைலட் புராஜெக்ட். பைலட் ஜெயிப்பதற்கு அந்த எஞ்சினியரின் திறமை பாதிக் காரணம் என்றால், "இது ஊத்திக்கொண்டாலும் பரவாயில்லை" என்று குறுக்கே நின்ற மேனேஜர் மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதி இல்லாத ஆசிரியரின் மார்ச், ஏப்ரலைப் பாருங்கள். பொதுத்தேர்வுக்கு மாலை வகுப்பு, தேர்வறைக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தும் முகாம், எமிஸ் பதிவுகள், தேர்ச்சிப் பட்டியல், புதுச் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவது. இதற்கு நடுவே தேர்தல் வேறு. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த நாட்கள்: 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. எல்லாமே வருஷக் கடைசி. யோசித்துப் பார்க்க வேண்டிய மாதத்தில் யோசிக்க நேரமே இல்லை.

நம் சினிமாவும் இதைக் காட்டுவதில்லை. 'சாட்டை' (2012) படத்தில் சமுத்திரக்கனி நல்ல வாத்தியார், தம்பி ராமையா கெட்ட வாத்தியார். நல்லவர் வந்தார், பள்ளிக்கூடம் திருந்தியது. நல்ல எண்ணம் இருந்தும் முடியாமல் போகிற சாதாரண ஆசிரியருக்கு அந்தக் கதையில் பெரிய இடமில்லை. அந்த வெற்றியை நிரூபிக்கக் கடைசியில் வருவதும் தேர்வு முடிவுதான்.

1975இல் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கை பற்றிச் சொன்ன கருத்து ஒன்று இங்கே அச்சாகப் பொருந்தும். சுருக்கமாக: அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருக்காது. மூடிய டிக்கெட் எண்ணிக்கையை வைத்து அப்ரைசல் போட்டால் எங்கள் ஆட்கள் ஒரே பிழையை நாலு டிக்கெட்டாகத் திறப்பார்கள். தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளியை எடைபோட்டால், தட்டுத்தடுமாறும் பிள்ளையைப் பார்க்கும்போது ஆசிரியருக்கு 'இவனால் நூறு சதவீதம் போய்விடுமோ' என்ற பயம் முதலில் வரும். அந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். தமிழ்நாடு அரசு 2017இல் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் தேர்ச்சி விகிதப் பட்டியல் நிற்கவில்லை. மாணவர் தோளிலிருந்து கொஞ்சம் இறங்கிய பாரம் பள்ளியின் தோளில் அப்படியே இருக்கிறது.

செம்பட்டியிலிருந்து சின்னாளப்பட்டி வழியாகப் போனால் காந்திகிராமம். 1947இல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. 1937 வார்தா மாநாட்டில் பிறந்த ஆதாரக் கல்வியின் வழி வந்த இடம். தொழில் செய்துகொண்டே படிப்பு என்ற பெரிய சோதனையை ஒற்றை ஆசிரியர் தலையில் கட்டாமல், ஒரு நிறுவனமே சுமக்க முன்வந்தது. ஜிஜுபாய்க்கும் நிஜ வாழ்க்கையில் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனம் இருந்தது. நாவலில் அந்த இடத்தில் அதிகாரி இருக்கிறார்.

புத்தகத்தின் உண்மையான குறையும் இதையொட்டித்தான். கதை வருஷத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போய் பழைய பிரம்புக்கு முன்னால் உட்கார்ந்தார்களா, நூலகம் அடுத்த வருஷம் இருந்ததா என்பது கதைக்குள் இல்லை. ஒரு வருஷ அற்புதத்தை எழுதினார் ஜிஜுபாய். இரண்டாவது வருஷம் அதிகாரி எழுத வேண்டிய அத்தியாயம்.

ஆகவே 'பகல் கனவை' வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் மேசைகளுக்கு அனுப்பலாம் என்பது என் கட்சி. ஆண்டிறுதி ஆய்வுக் கூட்டத்தில் சதவீதம் கேட்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: "இந்த வருஷம் புதுசா என்ன செஞ்சு பார்த்தீங்க, எது சரியா வரலை?" அதற்குப் பயப்படாமல் ஓர் ஆசிரியர் பதில் சொல்ல முடிந்தால், ஜூனில் அவர் வேறு மாதிரி வகுப்புக்குள் நுழைவார்.